அரிசிப் பையில் கைப்பிரதி வைக்கலாமா?

2020 ஈஸ்டரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் யூடியூப் லைவில்தான் வந்து நிற்கிறார்கள். ஆலயம் பூட்டிக் கிடந்தது, ஆனாலும் ஆராதனை வீடு தேடி வந்தது, சுவிசேஷம் எங்கெல்லாமோ போய்ச் சேர்ந்தது, எத்தனை வியூஸ் தெரியுமா என்று. எனக்கு அதில் அவ்வளவாக ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் லைவ் ஓடும்போது ஒருவர் பல் விளக்குவார், ஒருவர் தேங்காய் துருவுவார், விசுவாசப் பிரமாணம் வந்ததும் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். எங்கள் சபைப் போதகர் ஐயா மேல் குற்றமில்லை, வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணுவது அவருக்கும் புதுசுதானே.

அந்த வருஷம் மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) நாட்களில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. பவனி கிடையாது. அன்று ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொல்லிப் பிரதமர் கேட்டிருந்தார், கிறிஸ்தவர்கள் ஏற்றலாமா கூடாதா என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையில் அன்றைக்குப் பாடவேண்டிய ஓசன்னாவே மறந்துபோய்விட்டது. இந்தப் பக்கம் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்தை அடைத்து வைத்திருந்தார்கள். கொரோனாவைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்று வந்த ஃபார்வேர்டை நாலு குழுவுக்குத் தள்ளிவிட்ட அதே கைதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுதல் வாழ்த்தும் அனுப்பியது. அந்தக் கையைப் பார்த்து யார் இயேசுவைத் தேடி வரப்போகிறார்கள்?

உண்மையில் எங்கள் சேகரத்தில் (பாளையங்கோட்டைக்குத் தெற்கே, சின்ன சி.எஸ்.ஐ. சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) அந்த வாரத்தைத் தாங்கியது பட்டன் போன். பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மாமார் பாதிப் பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, லைவ் பார்க்க வழியில்லை. ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் மருமகள்கள் கான்பரன்ஸ் கால் போட்டு அவர்களை இழுத்துச் சேர்த்தார்கள். ஒரு காலில் ஐந்தாறு பேருக்கு மேல் சேராது என்பதால் தெருவாரியாகப் பிரித்து, பெரிய வெள்ளி மத்தியானம் 12 மணிக்கு இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகத் தியானித்தார்கள். ஆலயத்தில் என்றால் ஏழு பேச்சாளர்களில் ஒரு பெண் இருந்தாலே பெரிது. நாலாம் வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும்போது யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது, பேசியவர் நிறுத்தவே இல்லை. பாட்டுதான் சரிப்பட்டு வரவில்லை. ஒருவர் குரல் மற்றவருக்குத் தள்ளித் தள்ளிப் போய்ச் சேரும், யார் எந்த அடியில் நிற்கிறார் என்றே தெரியாது. “ஏளா, ஆளுக்கொரு சரணமா பாடுங்க, மத்தவளுவ வாயப் பொத்திட்டு இருங்க” என்று ஒரு பெரியம்மா உத்தரவு போட்ட பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது.

அப்புறம் அரிசி. எங்கள் வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஜெபித்துத் தனி டப்பாவில் போடுவார்கள், கைப்பிடி அரிசி என்று பேர், சேர்ந்ததும் ஆலயத்தில் கொண்டு கொடுத்தால் விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தவர்கள் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று துணிந்து சொல்ல முடிந்ததற்குப் பின்னால் இந்த மாதிரி வீட்டுக் காணிக்கைகள் உண்டு. ஆலயம் பூட்டியதும் டப்பாக்கள் வீட்டிலேயே நிறைந்துவிட்டன. ஊரில் குடும்ப அட்டை இருந்தவர்களுக்கு அரசு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. செங்கல் சூளையில் மாட்டிக்கொண்ட வடக்கத்திக் குடும்பங்களுக்கு இங்கே அட்டை ஏது? அவர்களுக்குக் கொடுப்போம் என்று முடிவானது. ஆனால் கைப்பிடி அரிசியில் பொன்னியும் இட்லி அரிசியும் ரேஷன் புழுங்கலும் கலந்து கிடக்கும், ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாது. அதனால் கலந்ததைத் தங்களுக்கே வைத்துக்கொண்டு, அதே அளவு ஒரே ரக அரிசியைப் பெண்கள் அளந்து கொடுத்தார்கள். இதைச் சொல்லிக் கொடுத்தது எந்தக் கமிட்டியும் இல்லை.

சண்டை வந்தது வாலிபர் குழுவில். ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிரதி (சுவிசேஷம் அச்சடித்த துண்டுத் தாள்) வைக்கணும் என்றார் ஒரு அண்ணன், இந்தியில் அச்சடித்த கட்டையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். ஈஸ்டர் நேரத்தில் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் கூடாது என்றேன், இன்றும் அதையே சொல்வேன். பிள்ளைக்குச் சோறு இல்லாதவன் கைப்பிரதியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நீட்டுகிற காகிதம் நற்செய்தியா? அதுவும் திருநெல்வேலிக்காரர்கள் இதில் கூடுதலாக யோசிக்கணும். 1877 பஞ்சத்தை ஒட்டி இங்கே ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள், சோற்றுக்குச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சையும் சேர்த்தே வாங்கினார்கள். அவர்களுடைய விசுவாசம் பொய் என்று நான் சொல்லவில்லை, அதில் வந்தவன்தான் நானும். அந்த ஏச்சை இன்னொரு குடும்பத்தின் தலையில் ஏன் கட்டணும்?

நாங்கள் பேசி முடிப்பதற்குள், அந்த ஈஸ்டரை ஒட்டியே, அமைப்புகள் நிவாரணப் பொருட்களை நேரடியாகக் கொடுக்காமல் அதிகாரிகளிடம் ஒப்படைக்கணும் என்று அரசு அறிவித்தது. உடனே எதிர்ப்பும் வந்தது, ஆனால் எங்கள் மூட்டைகள் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய்விட்டன. சபையின் பெயரும் இல்லை, வசனமும் இல்லை. அண்ணனுக்கு வருத்தம்தான். எனக்கு நிம்மதி.

அந்த ஈஸ்டரில் பிரசங்கம் பண்ணிய எல்லாரும் யோவான் 20:19-ஐ எடுத்தார்கள், சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள் இயேசு வந்து நின்றது. சரி, பொருத்தம்தான். எனக்கு ஓடியதோ பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 9-ஆம் அதிகாரம். பிரேதத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டதால் பஸ்கா பண்டிகையை ஆசரிக்க முடியாதவர்கள் மோசேயிடம் போய், எங்களை ஏன் விலக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். அடுத்த மாதம் பதினாலாம் தேதி ஆசரியுங்கள் என்று பதில் வருகிறது. பண்டிகை தவறிப்போனவனுக்காகத் தேவன் தேதியையே தள்ளிவைத்திருக்கிறார். வீட்டிலேயே திராட்சை ஜூஸும் பன்னும் வைத்துத் திருவிருந்து (ஆலயத்தில் இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்குவது) எடுக்கலாமா என்று சிலர் கேட்டபோது எங்கள் ஐயா, காத்திருப்போம் என்றதற்கும் இந்த வசனம்தான் எனக்கு ஆதாரம். செப்டம்பரில் ஆலயங்களைத் திறந்த பிறகு மாஸ்க்கை இறக்கிவிட்டு அப்பத்தை வாங்கியபோது எனக்கு அதுதான் அந்த வருஷத்து ஈஸ்டர்.

2021-ல் ஏப்ரல் 4-ஆம் தேதி ஆலயத்தில் கூடினோம். தேர்தலுக்கு முந்தின முந்தின நாள் என்பதால் ஆராதனை முடிந்து வாசலில் பேச்செல்லாம் ஓட்டைப் பற்றித்தான். அதே மாதம் 26-ல் மறுபடியும் பூட்டு. அந்த அலையில் அடக்கத்துக்குக்கூடப் போக முடியாதவர்களுக்கு அந்தக் கான்பரன்ஸ் கால் திரும்ப உயிர்பெற்றது. பெரியம்மாமார் அதை இன்னும் விடவில்லை, வியாழக்கிழமை சாயங்காலம் போன் கிடைக்காது.

அண்ணனின் கைப்பிரதிக் கட்டும் வீணாகவில்லை. கோடையில் பஸ் ஸ்டாப்பில் வாலிபர் சங்கம் மோர்ப் பந்தல் போடுகிறது. பந்தலைத் தாண்டி நாலடி தள்ளி நின்று, வேண்டுமென்று கேட்கிற வடக்கத்திப் பையன்களுக்குக் கொடுக்கிறார். தள்ளி நிற்கணும் என்பது நான் போட்ட நிபந்தனை. வாங்காதவர்களும் மோரைக் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.