ஜூன் 25, இரண்டு முத்திரைகளோடு

ஆதார் அட்டையிலிருந்து ஃபேஸ்புக் வரைக்கும் என் பிறந்தநாள் ஜூன் 25 என்றுதான் இருக்கிறது. நான் பிறந்தது அன்றைக்கு இல்லை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று அம்மா சொல்வாள். ஆற்றங்கரைக்குப் போய் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்த ராத்திரியே வலி எடுத்துவிட்டதாம்.

1970ல் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனபோது, ஜூலை முடிவதற்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். ஆடிப்பெருக்கோ ஆகஸ்டில் வருவது. நாலு நாள் இடிக்கிறது. அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அன்றைய தேதியையே எழுதிவிட்டார். 25-6-1965. அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையால் 2025 ஜூன் 30ல் எனக்குப் பணி ஓய்வு. அம்மாவின் கணக்குப்படி ஆகஸ்ட் கடைசி வரை இருந்திருப்பேன். இரண்டு மாதச் சம்பளம் போச்சு. போகட்டும், ஒரு வருடப் படிப்பு வீணாகாமல் காப்பாற்றினாரே.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நெடுங்காலம் நூலகராக இருந்தேன். வாசலில் ஒரு கரும்பலகை. 'வரலாற்றில் இன்று' என்று மேலே வெள்ளை பெயின்டில் நிரந்தரமாக எழுதி, கீழே தினமும் சாக்பீஸால் நாலைந்து வரி எழுதுவேன். இயர்புக்கிலிருந்தும் நாளிதழ் இணைப்பிலிருந்தும் எடுத்துச் சேர்த்த பழைய டயரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான். சர்டிபிகேட் பிறந்தநாள் என்பதால் ஜூன் 25 பக்கத்தின் மேல் மட்டும் கொஞ்சம் கூடுதல் பாசம்.

அந்தப் பக்கத்தில் சரக்கு நிறையவே இருந்தது. 1903ல் பீகாரின் மோதிஹாரியில் ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தது. 1931ல் வி.பி.சிங் பிறந்தது. மண்டல் அறிக்கையை வைத்து அவரைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் பக்கத்தில், 1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைத்தவர் என்று சொன்னால்தான் கிழவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். 1947ல் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு டச்சு மொழியில் முதன்முதலாக அச்சில் வந்தது. இப்படி ஓடும்.

சிக்கல் 2010ல் வந்தது. அந்த வருடம் ஜூன் 25 வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வார விடுமுறை. மறுநாள் சனிக்கிழமை காலையில் பலகையில் '2009: பாப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் மறைவு' என்று எழுதினேன். டயரியில் நான் 26ஆம் தேதிப் பக்கத்தில்தான் குறித்து வைத்திருந்தேன். அன்று காலை டி.வி.யில் பார்த்ததும் எழுதியது. ஒரு கல்லூரிப் பையன் பைக்கை நிறுத்தும்போதே சத்தம் போட்டான்.

"சார், தப்பு. அவர் செத்தது 25ஆம் தேதி."

எனக்குச் சுருக்கென்றது. நூலகரிடம் தேதி தப்பு என்று சொல்வது, சமையல்காரரிடம் உப்பு இல்லை என்று சொல்வது மாதிரி. டயரியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். அவன் செல்போனைக் காட்டினான். லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவமனையில் இறந்ததாக அறிவித்தது 25ஆம் தேதி பிற்பகல் 2:26க்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்போது நமக்கு 26ஆம் தேதி விடிகாலை மூன்று மணி ஆகப்போகிறது. இரண்டு பேரும் சரி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். தினமும் முதல் ஆளாக வந்து, எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டுத்தான் போவார்.

"தம்பி, ஒரு கார்டுல எத்தன முத்திரை இருக்கும்?"

"ஒண்ணு."

"நல்லாப் பாத்தீங்க. ரெண்டு. போட்ட ஊர் முத்திரை ஒண்ணு, வந்து சேந்த ஊர் முத்திரை ஒண்ணு. நீங்க சேந்த முத்திரைய எழுதியிருக்கீங்க, அவரு போட்ட முத்திரையச் சொல்றாரு."

அடுத்த நாள் நிஜமாகவே ஒரு பழைய போஸ்ட்கார்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மஞ்சள் அட்டை, ஓரம் கரையான் அரித்தது. முன்பக்கம் தபால்தலைப் படத்தின் மேல் ஒரு கறுப்பு வட்டம், அழுத்திக் குத்தியதில் மை பிசிறியிருந்தது. அட்டையின் வெற்று ஓரத்தில் இன்னொரு வட்டம், மங்கலாக, பாதி விழுந்து பாதி விழாமல். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள். "இந்த மூணு நாளும் அந்த வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, சாதாரணமாச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாங்க" என்றார். சாவுச் செய்தி எழுதிய கார்டு அது. யார் வீட்டுக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் இரண்டாவது முத்திரையைத் தேட ஆரம்பித்தேன். ஜூன் 25க்கு வேண்டிய அளவு கிடைத்தது.

கொரியப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வட கொரியப் படை இரண்டு கொரியாவுக்கும் எல்லையாக இருந்த 38ஆவது அட்சரேகையைத் தாண்டியது. தென் கொரியர்கள் அந்தப் போரையே 'ஆறு இரண்டு ஐந்து' என்றுதான் சொல்கிறார்கள், யுகியோ என்று. தேதியே போரின் பெயர். ஆனால் அமெரிக்க அதிபர் ட்ரூமன், மிசௌரி மாநிலத்தில் சொந்த ஊரில் வார இறுதிக்கு வந்திருந்தவர், போன் வந்து செய்தி கேட்டது சனிக்கிழமை இரவு. அவருடைய கடிகாரத்தில் ஜூன் 24. சேர்ந்த முத்திரை போட்ட முத்திரைக்கு முந்தைய தேதியில்! தபால்காரப் பெரியவரிடம் சொன்னபோது, "எங்க சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நடந்தா என்கொயரி வெச்சிருப்பாங்க" என்றார்.

நெருக்கடி நிலை இன்னொரு விதம். 1975 ஜூன் 25, புதன்கிழமை. மாலையில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் கூட்டம். இரவு நள்ளிரவுக்குச் சற்று முன்னால் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். மத்திய அமைச்சரவைக்கே விஷயம் மறுநாள் அதிகாலையில்தான் தெரியும். டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் கரன்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். நாட்டுக்கு இந்திரா காந்தி வானொலியில் சொன்னது 26 காலை. கார்டை எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர்களையும் பிடித்து உள்ளே வைத்தது மாதிரி. எனக்கு அப்போது பத்து வயது. தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு எதிர்த்து நின்றதும், 1976 ஜனவரி 31ல் கலைக்கப்பட்டதும் எல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த நாள் பற்றி எனக்கென்று இருக்கும் நினைவு, அப்பா டீக்கடை ரேடியோ பக்கத்தில் பேசாமல் நின்றது மட்டும்தான்.

அதே டீக்கடை ரேடியோ. எட்டு வருடம் கழித்து, 1983 ஜூன் 25, சனிக்கிழமை. எனக்குப் பதினெட்டு (சர்டிபிகேட்படி அன்றைக்குத்தான்!). லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே வெஸ்ட் இண்டீஸ். அப்போது ஒருநாள் ஆட்டம் என்றால் அறுபது ஓவர். ஸ்ரீகாந்த் அடிக்கும் வரைக்கும் கடையில் ஒரே கூத்து. ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி ஆஃப் பக்கம் அறைந்தாரே, அதைப் படமாகப் பார்த்தது பல வருடம் கழித்துத்தான். அன்று காதில் விழுந்தது கூட்டத்தின் இரைச்சல் மட்டும். 38 ரன். இரண்டு அணியிலும் சேர்த்து அன்றைய அதிகபட்சம் அதுதான். அவர் போனதும் மளமளவென்று சரிந்து, 183க்கு எல்லோரும் அவுட்.

நான் கிளம்பிவிட்டேன். ரிச்சர்ட்ஸும் கிரீனிட்ஜும் லாயிடும் இருக்கிற அணிக்கு 183 எந்த மூலைக்கு? வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டேன். நான் தூங்கும்போதுதான் பல்விந்தர் சந்து போட்ட பந்தை கிரீனிட்ஜ் அடிக்காமல் விட, அது உள்ளே வந்து ஸ்டம்பைத் தட்டியிருக்கிறது. நான் தூங்கும்போதுதான் 33 ரன்னில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்ததை கபில் தேவ் பின்னாலேயே ஓடிப் பிடித்திருக்கிறார். அமர்நாத் 12 ரன் கொடுத்து மூன்று விக்கெட். 140க்கு ஆல் அவுட், 43 ரன்னில் ஜெயம். எல்லாம் முடிந்தபோது நம்மூரில் நள்ளிரவு நெருங்கிவிட்டது. காலையில் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் கூசுகிறது. ஆக, நாட்டுக்கு அந்த வெற்றி 25. எனக்கு மட்டும் 26.

பிறகு தெரிந்துகொண்டேன், இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் தொடங்கியதும் இதே லார்ட்ஸில், இதே ஜூன் 25ல்தான், 1932ல். அதுவும் ஒரு சனிக்கிழமை. தலைவராக வந்த போர்பந்தர் மகாராஜா ஒதுங்கிக்கொள்ள, துணைத் தலைவருக்குக் காயம் பட, சி.கே.நாயுடு அணியை அழைத்துக்கொண்டு இறங்கினார். முகமது நிசார் வேகத்தில் சட்க்ளிஃபும் ஹோம்ஸும் பௌல்டு, வூலி ரன் அவுட். இங்கிலாந்து 19க்கு 3. அந்த அரைமணி நேரத்தை ரேடியோவில் கேட்கும் வசதி நம்மூரில் எவனுக்கும் இருந்திருக்காது. கடைசியில் 158 ரன்னில் தோற்றோம். இருந்தாலும் அந்த 19க்கு 3 எனக்கு 1983க்குச் சமம்.

இன்னொன்றும் அகப்பட்டது, ஓய்வுக்குப் பிறகு போனில் மேப்பை நோண்டிக்கொண்டிருந்தபோது. லார்ட்ஸ் இருப்பது லண்டனில் செயின்ட் ஜான்ஸ் வுட் என்கிற பகுதி. அதே பகுதியில், அங்கிருந்து நடந்தே போய்விடலாம், அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடம். 1967 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கேதான் பீட்டில்ஸ் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்க நேரடியாகப் போன முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாடினார்கள். பதினான்கு நாடுகள் சேர்ந்து கொடுத்த நிகழ்ச்சி. சோவியத் அணி நாடுகள் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டன. பாட்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு தேசிய கீதம் வருமே, அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் கேட்க ஜோராக இருக்கிறது. அதுவும் நம் கடிகாரத்தில் 26 பிறந்த பிறகுதான். இசைத்தட்டாக ஜூலையில் வந்து, அந்த மாதமே பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அர்ஜென்டினாவைச் சொல்லாமல் விடக்கூடாது. 1978 ஜூன் 25, பியூனஸ் அயர்ஸில் உலகக் கோப்பை கால்பந்து இறுதி. நெதர்லாந்தின் ரென்சன்பிரிங்க் கடைசி நிமிடத்தில் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உள்ளே போயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். கூடுதல் நேரத்தில் கெம்பெஸும் பெர்டோனியும் அடித்து 3-1. மைதானம் முழுக்கக் காகிதத் துண்டுகள் பனி மாதிரி கொட்டின. அப்போது அங்கே ராணுவ ஆட்சி. மைதானத்திலிருந்து சிறிது தூரத்தில் இருந்த கடற்படைப் பள்ளியில் ஆட்களைக் கடத்திக் கொண்டுவந்து அடைத்து வைத்திருந்தார்கள். கூட்டத்தின் கூச்சல் அவர்கள் காதிலும் விழுந்தது. இதைப் படித்த வருடம் பலகையில் வெறுமனே 'அர்ஜென்டினா சாம்பியன்' என்று எழுதக் கை வரவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வேறு வரி எழுதினேன்.

பாட்டு விஷயத்தில் எனக்கு மகள்தான் குரு. பிறந்த தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு எந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது என்று தேடிச் சொல்வது இப்போது ஒரு விளையாட்டு. நாம் கோப்பை வென்ற வாரம் அமெரிக்காவில் ஐரீன் காராவின் 'ஃப்ளாஷ்டான்ஸ்' பாட்டு, பிரிட்டனில் போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்'. என் சர்டிபிகேட் தேதியையும் போட்டுப் பார்த்தாள். 1965 ஜூன் 25ல் பிரிட்டனில் முதலிடம் ஹாலீஸ் குழுவின் 'ஐ ஆம் அலைவ்'. நான் உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம். ஐந்து வாரம் கழித்துப் பிறக்கப் போகிறவனுக்கு!

2025 ஜூன் 25, புதன்கிழமை. ஓய்வுக்கு ஐந்து நாள் இருந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போய்ப் பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். 1932, 1950, 1975, 1983 என்று நாலு வரி எழுதி, பக்கத்தில் நாம் அறிந்த தேதியையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். தபால்காரப் பெரியவர் இறந்து சில வருடம் ஆகிறது. அவர் கொண்டுவந்த கார்டு இன்னும் அந்த டயரிக்குள்தான் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பலகையின் அடியில் யாரோ சின்னப் பிள்ளையின் கையெழுத்தில், கோணல்மாணலாக, '1965: நம்ம லைப்ரரி சார் பிறந்தார்' என்று எழுதியிருந்தது. டஸ்டரைக் கையில் எடுத்தேன். அப்புறம் சாயந்திரம் பூட்டும் வரைக்கும் அழிக்கவில்லை.