விளையாடும்போது 85 டிகிரி: அஞ்ச வேண்டுமா?

கேமிங் கணினியைப் புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, விளையாடும்போது ப்ராசஸர் 85 டிகிரியைத் தொடுகிறதே, இது பாதுகாப்பானதா என்ற கேள்வியைத்தான். எந்தச் சில்லு (அதாவது எந்த ப்ராசஸர்), அந்த நேரத்தில் அது எத்தனை வாட் எடுத்துக்கொண்டிருக்கிறது, கணினி இருக்கும் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது ஆகிய மூன்றையும் அறியாமல் 85 என்ற எண்ணை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது. இம்மூன்றும் தெரிந்துவிட்டால் பதில் பெரும்பாலும் தெளிவாகவே கிடைத்துவிடும்.

முதலில் சில்லு. ஒவ்வொரு ப்ராசஸருக்கும் அதைத் தயாரித்த நிறுவனமே ஓர் உச்ச வெப்பநிலையை வரையறுத்திருக்கிறது. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 100 டிகிரி; அவற்றுக்குப் பின் வந்த கோர் அல்ட்ரா 9 285கே-வுக்கு 105 டிகிரி. ஏ.எம்.டி.யின் ரைசன் 7 5800எக்ஸ்-க்கு 90, ரைசன் 9 7950எக்ஸ்-க்கு 95, ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89. ஆகவே ஒரே 88 டிகிரி, 100 டிகிரி எல்லையுள்ள இன்டெலில் இன்னும் 12 டிகிரி இடைவெளி இருப்பதைக் காட்டும். 7800எக்ஸ்3டி-யிலோ அது எல்லையின் விளிம்பு. ஒருவர் இணையத்தில் படித்த எண்ணைத் தன் கணினிக்கு அப்படியே பொருத்திப் பார்க்கும் முன், தன் ப்ராசஸரின் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி இந்த எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லையைத் தொட்டவுடன் சில்லு எரிந்துவிடும் என்ற அச்சம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2001 வாக்கில் விற்பனையில் இருந்த ஏ.எம்.டி.யின் அத்லான் ப்ராசஸரின் மேலிருந்து ஹீட்சிங்கை (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகத்தை) எடுத்துவிட்டால் அது நொடிகளில் கருகிப்போகும். அதே காலத்து இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்துவிடும். இன்றைய ப்ராசஸர்கள் எல்லாமே இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எல்லையை நெருங்கும்போது கிளாக் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கணினியை அணைத்துவிடும். எனவே எல்லையைத் தொடும் கணினியில் முதலில் நாம் இழப்பது வேகத்தை. விளையாட்டு நடுவில் திடீரெனத் திக்கித் திணறுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

ரைசன் 7000 வரிசை 2022-இல் வந்தபோது, எல்லாக் கோர்களும் (ப்ராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளும்) முழுமூச்சாக உழைக்கும் வேலைகளில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பின்படியே நிகழ்வதுதான் என்று ஏ.எம்.டி. அறிவித்தது. மிகச் சிறிய பரப்பில் பெருமளவு வெப்பம் உண்டாவதும், பழைய கூலர்களே (குளிர்விப்பான்களே) பொருந்த வேண்டும் என்பதற்காக ப்ராசஸரின் மேல்மூடியைத் தடிமனாக வைத்ததும் இதற்குக் காரணங்கள். அந்த வரிசையில் இன்னும் பெரிய கூலரைப் பொருத்தினாலும், கனமான வேலைகளில் வெப்பநிலை இறங்குவதற்குப் பதிலாக வேகம்தான் சற்றுக் கூடும். ஆனால் விளையாட்டுகள் அப்படி எல்லாக் கோர்களையும் வதைப்பதில்லை. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் ஓடும்போது 95 காட்டும் அதே ப்ராசஸர், நல்ல கூலரோடு விளையாட்டில் 60-க்கும் 80-க்கும் இடையில் இருப்பதே இயல்பு. விளையாடும்போதே எல்லையில் போய் நிற்கிறது என்றால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்றே நான் கொள்வேன்.

எக்ஸ்3டி வகை ப்ராசஸர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 7800எக்ஸ்3டி-யில் கூடுதல் கேஷ் எனும் அதிவேக நினைவகம் கோர்களின் மேல் அடுக்கப்பட்டிருப்பதால், கோர்களின் வெப்பம் அதைக் கடந்துதான் கூலரை அடைய முடியும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த நினைவகத்தைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள்; எல்லையும் 95 டிகிரிக்கு உயர்ந்தது.

அடுத்து அறை. நம் ஊரில் இதைத்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம் என்பது என் ஆதங்கம். கூலர் எதுவாக இருந்தாலும் அது சில்லை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. குறிப்பிட்ட வாட் அளவுக்கு, அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்ற ஒரு வித்தியாசத்தை மட்டுமே அதனால் காக்க முடியும். வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையில் சோதிக்கிறார்கள். 22 டிகிரி அறையில் 70 காட்டிய ப்ராசஸர், மே மாதப் பிற்பகலில் ஏ.சி. இல்லாத சென்னை அறையொன்று 36 டிகிரியில் தகிக்கும்போது, ஏறக்குறைய 84 காட்டும். அந்தக் கணினியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 7800எக்ஸ்3டி-யாக இருந்தால், எல்லைக்கு முன் மிஞ்சியிருப்பது ஐந்தே டிகிரி. இதனால்தான், கூலர் வாங்கும்போது விமர்சனங்களில் வரும் எண்களோடு பதினைந்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும்படி எல்லோரிடமும் சொல்கிறேன்.

அறை அப்படியே இருப்பதும் இல்லை. கணினி எடுக்கும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டு 350 வாட்டும் மற்ற பாகங்கள் 150 வாட்டும் எடுத்தால், கதவைச் சாத்திய சிறிய அறைக்குள் 500 வாட் ஹீட்டர் ஒன்றை எரியவிட்டதற்கு அது சமம். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட் என்பதால், அதன் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கைக் கணினியே விழுங்கிவிடுகிறது. ஆகவே விளையாட்டைத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எடுத்த அளவை நம்பக்கூடாது. அரைமணி நேரமாவது விளையாடி, அறையும் கேபினெட்டும் சூடேறிய பின் பார்ப்பதே உண்மையான அளவு. அப்போது அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்து வைத்தால், டிசம்பரில் எடுத்த அளவையும் மே மாதத்தில் எடுத்த அளவையும் ஒப்பிட முடியும். வித்தியாசம் பருவத்தால் வந்ததா, தூசியால் வந்ததா என்பதும் தெரியவரும்.

கிராஃபிக்ஸ் கார்டின் கதை வேறு. அங்கே ஒரே வெப்பநிலையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளக்கூடாது. எல்லோரும் பார்க்கும் பொது அளவு ஒன்று. சில்லின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் ஹாட்ஸ்பாட் இன்னொன்று. நினைவகத்தின் வெப்பநிலை மூன்றாவது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090, 4060 ஆகியவற்றுக்குப் பொது அளவின் உச்சம் 90 டிகிரி. முந்தைய 3080, 3060 ஆகியவற்றுக்கு 93. விளையாடும்போது 65 முதல் 80 வரை இருந்தால் கவலை தேவையில்லை. ஏ.எம்.டி.யின் ரேடியான் கார்டுகளில் பலவற்றுக்கு ஹாட்ஸ்பாட் 110 டிகிரி வரை ஏற்கத்தக்கது என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. என்விடியாவின் 3080, 3090 கார்டுகளில் இருந்த ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் நினைவகமும் 110-ஐ எட்டினால் வேகத்தைக் குறைக்கும். 3090-இல் நினைவகச் சில்லுகள் அட்டையின் பின்புறத்திலும் இருந்ததால், முன்புற விசிறிகளின் காற்று அவற்றை நேரடியாக எட்டவில்லை.

பொது அளவுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் நான் மிக உன்னிப்பாகக் கவனிக்கிறேன். அது 10 முதல் 20 டிகிரி வரை இருப்பது வழக்கம். 30-ஐத் தாண்டினால், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து விலகியிருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சில்லின் மேல் சமமாக உட்காரவில்லை என்று பெரும்பாலும் பொருள். 2022 டிசம்பரில் வெளியான ரேடியான் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். கார்டுகளில், ஏ.எம்.டி. தானே வடிவமைத்தவற்றில் ஒரு பகுதியில் வேறொரு காரணத்தால் இந்த வித்தியாசம் பெரிதானது. ஹாட்ஸ்பாட் 110-ஐத் தொட்டு வேகம் சரிந்தது. பொது அளவோ அதைவிட வெகு கீழே நின்றது. குளிர்விப்பானின் வேப்பர் சேம்பருக்குள் (திரவம் ஆவியாகி வெப்பத்தைக் கடத்தும் மூடிய அறைக்குள்) போதிய திரவம் இல்லாததே காரணம் என்று நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டு, மாற்றுக் கார்டுகள் தர முன்வந்தது. பொது அளவை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் அளவு பயனருக்குக் காட்டப்படாமல் போனது எனக்கு வருத்தம் தருவது இதனால்தான்.

வெப்பநிலை அதிகம் என்று உறுதியானால் உடனே புதிய கூலர் வாங்க ஓட வேண்டாம். கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எண்கள் ஏழெட்டு டிகிரி இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: முன்புறம் முழுக்கக் கண்ணாடியால் அடைபட்டிருக்கலாம், வடிகட்டியில் தூசி படிந்திருக்கலாம், விசிறி திசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். எண்கள் அசையவில்லையென்றால் கூலருக்கும் சில்லுக்கும் இடையிலான தொடர்பைச் சந்தேகிக்க வேண்டும். கூலரின் அடியிலுள்ள பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்திவிட்ட கணினிகள் இன்றும் என் கண்ணில் படுகின்றன.

செலவே இல்லாத வழியும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கினால், பெரும்பாலான கார்டுகளில் விளையாட்டின் வேகம் சிறிதளவே குறையும். வெப்பமும் விசிறிச் சத்தமும் கண்கூடாகக் குறையும். ரைசனில் ஈகோ மோட், இன்டெலில் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருளில்) உள்ள மின் வரம்பு ஆகியவை ப்ராசஸருக்கு இதே பணியைச் செய்கின்றன. கோர் ஐ9 13900கே-வுக்கு இன்டெல் வகுத்த உச்சம் 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பைத் தளர்த்திய நிலையிலேயே விற்பனைக்கு வந்தன. திரை 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படங்கள் காட்டுவது) என்றால், விளையாட்டின் பிரேம் எண்ணிக்கையையும் அதற்கு மேல் போகாமல் கட்டிவைப்பது கோடைக்கு மிக ஏற்றது.

வெப்பநிலை எல்லைக்குள் இருப்பதாலேயே எல்லாம் நலம் என்றும் எண்ணிவிடக்கூடாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் பல நிலைகுலைந்து விளையாட்டுகள் முறிந்து விழுந்த சிக்கல் 2024-இல் பெரிதாக வெடித்தது. சில்லு தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்று, காலப்போக்கில் தன்னையே சிதைத்துக்கொண்டது அதன் முதன்மைக் காரணம். இன்டெல் அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (பயாஸ் வழியாக வரும் ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அத்தலைமுறை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள், வெப்பநிலை 70-ஐத் தாண்டாவிட்டாலும், பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். ஏற்கெனவே சிதைந்துவிட்ட சில்லை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது என்பதால், விளையாட்டுகள் அடிக்கடி முறிந்து விழுந்தால் வாரண்டியில் மாற்றிக் கேட்பதே வழி.