மிலாறு நெருப்பில் ஐந்து சிட்டி, ஒரு சட்டி

மண்பாத்திரம் செய்யப் பழக ஒக்டோபரில் தொடங்கினேன். தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அந்த மாதம் மழை விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொழும்பிலிருந்து கண்டி வழியாக வரும்போது, கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடவில் இறங்கி, பானை செய்யும் ஒருவரிடம் ஐந்து கிலோ களிமண் வாங்கிவந்தேன். சக்கரம் இல்லை. கையால் செய்வதை மட்டும் பழகுவது என்று முடிவு.

முதலில் சிட்டி, அதாவது சின்ன அகல்விளக்கு. எலுமிச்சை அளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுழற்றிச் சுழற்றிக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். என் விரல் எப்போதும் வாய்ப்பக்கம்தான் அழுத்தியது. அடி தடித்து, வாய் மெலிந்து போனது. மெல்லிய வாய் முதலில் காய்ந்து சுருங்கும். ஈரமான அடி அப்படியே நிற்கும். இழுபறியில் வாய் வெடிக்கும். முதல் எட்டில் மூன்று அப்படிப் போயின. அப்பாயி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "காத்து படாம மூடி வை புள்ள. அவசரப்பட்டா வாய் பொளந்துக்கும்." அன்றிலிருந்து சொப்பிங் பேக் போட்டு மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன். வெடிப்பு நின்றது.

வாங்கிய மண் பாதி தீர்ந்ததும் நம்ம மண்ணையே எடுத்தால் என்ன என்று தோன்றியது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)க் கீழே ஓடையோரம் சரிந்த இடத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த மண் தெரியும். ஒரு வாளி அள்ளி வந்து ஊறவைத்தேன். கையால் கரைத்து, பெரிய மணல் அடியில் தங்கியதும் மேலே நின்ற கலங்கல் நீரை மட்டும் வேறு வாளிக்கு ஊற்றி, பழைய சேலைத்துணியில் வடிகட்டினேன். இரண்டு நாள் அசையாமல் விட்டதும் மேலே தெளிந்த நீர், அடியில் வெண்ணெய் மாதிரி மண். அதில் விரலை விட்டு எடுத்தால் நகக்கண் எல்லாம் மினுமினுப்பு. காக்காய்ப்பொன், அதாவது மைக்கா! இந்த மலைப்பாறை நொறுங்கித்தானே இந்த மண் ஆனது. தெளிந்த நீரை இறைத்துவிட்டு, துணியில் மூட்டையாகக் கட்டி ஒரு வாரம் தொங்கவிட்டேன்.

பென்சில் தடிப்பில் திரித்து விரலில் சுற்றிப் பார்த்தால் மேல்பக்கம் முழுக்கக் கீறல். அந்த மண்ணுக்குப் பிசுக்குப் போதாது. மொலகொட மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து, அரைமணி நேரம் பிசைந்து, மறுபடி சுற்றினேன். ஒரு கீறலும் இல்லை. அந்தக் கலவையில்தான் அதற்கப்புறம் எல்லாம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு என் சிட்டிகளையே ஏற்ற ஆசைப்பட்டேன். காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. எங்கள் ஊர் ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில். காலையில் சுவர்கூட சில்லென்றுதான் இருக்கும். எந்தச் சிட்டி காய்ந்தது, எது காயவில்லை என்று கன்னம் சொல்லவில்லை. சரி, பார்ப்போம் என்று ஆறு சிட்டிகளையும் நெருப்பில் வைத்தேன். பத்து நிமிடத்தில் பட்டாசு மாதிரிச் சத்தம். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் சுவரை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டுதான் மிஞ்சின. அந்த வருஷம் கடைச் சிட்டிதான் ஏற்றினோம். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

அதற்குப் பிறகு சமையல் தராசை எடுத்தேன். புது ஆள் யாராவது மலையில் மண் பழகினால் இதைத்தான் முதலில் சொல்வேன்: கன்னத்தை விடுங்கள், நிறுத்துப் பாருங்கள். மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கிச் செய்த சட்டி ஈரத்தில் 640 கிராம். ஒவ்வொரு திரிக்கும் இடையில் கீறி, மண் குழம்பு பூசி ஒட்டினேன். தினமும் நிறை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் முழுக்க மூடுபனி. அன்று 4 கிராம் கூடிவிட்டது! காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணுக்கு ஏற்றினேன். மூன்று நாள் தொடர்ந்து 496 கிராமிலேயே நின்ற பிறகுதான் நெருப்பைப் பற்றி யோசித்தேன்.

பெப்ரவரியில் வெயில் பிடித்தது. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலையிலிருந்து நன்றாகக் காய்ந்த மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள், மூன்று கட்டு. முதலில் சின்ன நெருப்பு மூட்டி, சட்டியையும் ஐந்து சிட்டிகளையும் அதைச் சுற்றி வைத்து, இரண்டு மணி நேரம் திருப்பித் திருப்பி வாட்டினேன். தொட முடியாத சூடு வந்ததும் தணலை விரித்து, அதன்மேல் அடுக்கி, மிலாறைக் கூடு மாதிரிச் சுற்றிலும் குவித்தேன். தேயிலைக் கட்டை தடிப்பில்லாவிட்டாலும் என்ன சூடு! பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து மூட்டியது நல்லதாகப் போயிற்று. இருட்டுகிற சமயம் கிளைகளுக்கு நடுவே சட்டி மங்கிய சிவப்பாக எரிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. களிமண் திரும்பச் சேறாகாமல் இருக்க ஏறத்தாழ 600 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும்; அந்தச் சிவப்புத்தான் எனக்கு வெப்பமானி.

அடங்கியதும் சாம்பலை மேலே தள்ளி மூடி, விடியும்வரை தொடவில்லை. 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் சட்டென்று அளவு மாறும். ஆறும்போது அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விழும்.

காலையில் சாம்பலைக் கிளறினால் ஆறும் முழுசாக! காற்றுப் பட்ட பக்கம் செங்கல் நிறம், தணலில் புதைந்த பக்கம் கரி. சுண்டினால் டிங் என்றது. சட்டியின் தோள்பட்டையில் காக்காய்ப்பொன் இன்னும் மினுங்கியது. நம்பிக்கை வராமல், சுட்ட சிட்டிகளில் ஒன்றை உடைத்து ஒரு துண்டையும், சுடாத துண்டு ஒன்றையும் தண்ணீரில் போட்டேன். சுடாதது கால்மணி நேரத்தில் உதிர்ந்து சேறாகிவிட்டது. சுட்டது இரண்டு நாளாகியும் அப்படியே இருந்தது.

சட்டியில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் முழுக்க வியர்த்து, தட்டில் குளம் கட்டியது. அப்பாயி சொன்னபடி சோற்றுக் கஞ்சியை அதில் ஊற்றி மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஒரு இரவு அப்படியே வைத்தேன். மூன்று தடவை செய்த பிறகு தட்டில் ஈரம் ஒரு ரூபாய்க் காசளவுதான். இப்போது அதில் தயிர் உறைகிறது. மிச்ச ஈரத்தைச் சட்டி குடித்துக்கொள்வதால் தயிர் கெட்டியாக வருகிறது.

அடுத்தது மூடி. மண் துண்டில் கீறி வைத்த 10 சென்டிமீற்றர் கோடு, காய்ந்ததும் 9.3, சுட்டதும் 9.1. ஆகவே சுட்ட சட்டிக்குப் பிறகு மூடி செய்து பொருத்துவது கஷ்டம். இரண்டையும் ஒன்றாகச் செய்து ஒன்றாகக் காயவைக்க வேண்டும். அதனால் புதுச் சட்டியிலிருந்தே தொடங்குகிறேன். நேற்று ஓடையிலிருந்து இரண்டு வாளி மண் எடுத்து ஊறப்போட்டாயிற்று.