1973 ஜனவரி 1

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வேட்டைச் சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1973 ஜனவரி 1. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்த சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. ராணுவப் பயிற்சி பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. முந்தைய நாள் பிறந்தவருக்கோ கட்டாயமே இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொடுகிறவராக இருந்தாலும், பணம் கட்டினால் உரிமம் கிடைத்துவிடும். உரிம விற்பனைத் தரவுகளை ஆராய்வது என் வேலை. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு விதி என்றால், என் போன்றவர்களுக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

கட்டாய வகுப்பு புதியவர்களை விரட்டுகிறதா என்ற கேள்வி இந்தத் துறையில் ஓயாமல் எழுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்க அரசின் தேசியக் கணக்கெடுப்பின்படி 2011-இல் 1 கோடியே 37 லட்சமாக இருந்த வேட்டைக்காரர்கள் 2016-இல் 1 கோடியே 15 லட்சமாகக் குறைந்தார்கள். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்குப் போகிறது. அதில் ஒவ்வொரு மாநிலத்தின் பங்கும் பாதி பரப்பளவையும் பாதி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உரிமம் குறைந்தால் சதுப்பு நிலங்களைக் காக்கும் பணமும் குறையும். வேட்டையை விரும்பாதவர்களையும் தொடும் விஷயம் இது.

ஆகவே 1972-இல் பிறந்தவர்களையும் 1973-இல் பிறந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. கட்டாயம் நடைமுறைக்கு வந்தது 1985-இல். அப்போது வேட்டைக்குக் குறைந்தபட்ச வயது 12. அதாவது 1973-இல் பிறந்த பிள்ளைகள் அந்த வயதை எட்டிய வருடம். ஆனால் உரிம விற்பனை கணினிக்கு வந்ததோ 1990-களின் இறுதியில். 1999-இல் ஒருவரின் பெயர் முதன்முதலாகப் பதிவில் தென்பட்டால், அவர் அன்றுதான் புதிதாக வந்தவரா, பதினைந்து வருடமாக அப்பாவோடு மான் வேட்டைக்குப் போகிறவரா என்று சொல்ல வழியில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வகுப்பு இருக்கிறதே என்று ஒதுங்கிக்கொண்டவரின் பெயர் எந்த அட்டவணையிலும் ஏறாது. வந்தவர்களை எண்ணலாம், வராதவர்களை எப்படி எண்ணுவது?

இந்தக் கேள்வியோடுதான் களப்பயிற்சி நாட்களில் தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கு உதவப் போக ஆரம்பித்தேன். மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி வேலி. மாணவர்கள் இருவர் இருவராக அதைக் கடக்க வேண்டும். தோட்டாவை எடுத்து, துப்பாக்கி காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்து, மூடாமல் திறந்தே வைத்து, குழல் யார் பக்கமும் திரும்பாதபடி கூட வருபவரிடம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் 'பிடித்துவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுக்கலாம். வேட்டைக் குடும்பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இதைச் சட்டென்று முடித்துவிடுவார்கள். அப்பாவும் மாமாவும் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஒரு தடையே அல்ல. வீட்டில் காத்திருந்து கொண்டாடும் சடங்கு. கட்டாயத்தை நாளையே எடுத்துவிட்டாலும் அவர்கள் எண்ணிக்கை கூடப்போவதில்லை.

அதே வரிசையில் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். தன் இறைச்சியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் வந்தவர். வேலியை அத்தனை பேரிலும் கவனமாகக் கடந்தவர் அவர்தான். தேர்விலும் தேறினார். சான்றிதழை வாங்கியதும் பயிற்சியாளரிடம் கேட்டார்: "இனி நான் யாரோடு போவது?" அந்தப் பெரியவரிடம் பதில் இல்லை. அது அவர் குறையும் இல்லை. பாடத்திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கட்டாயக் கல்வியின் பாரம் எல்லார் மேலும் ஒரே அளவில் இறங்குவதில்லை என்பது என் முடிவு. வழிவழியாக வேட்டையாடும் வீடுகளில் அது உறைப்பதில்லை. தனியாக வருகிற வயதுவந்தவருக்குத்தான் உறைக்கிறது. அவருக்கு ஆசை பிறப்பது அக்கம்பக்கத்தார், மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் பளிச்சென்று படும் ஆரஞ்சுச் சட்டை போட்டு வேட்டைக்குக் கிளம்பும் நவம்பரில். அருகில் நடக்கும் நேரடி வகுப்புகளோ கோடையிலேயே நிரம்பிவிடுகின்றன. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், விட்டதுதான். கட்டணம் 10 டாலர். அது யாரையும் தடுப்பதில்லை.

இதற்கு மாற்றாக 2009-இல் விஸ்கான்சின் ஒரு வழி திறந்தது: அனுபவம் உள்ளவர் துணையிருந்தால் சான்றிதழ் இல்லாமலேயே வேட்டைக்குப் போகலாம். தொடக்கத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல ஏற்பாடு. ஆனால் துணைக்கு ஆள் உள்ளவருக்குத்தானே அது பயன்படும்! ஆள் இல்லாதவர் மறுபடியும் வெளியேதான் நிற்கிறார்.

கட்டாயத்தை நீக்கிவிடலாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இங்கே பயிற்சித் திட்டம் 1967-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் காயமடைந்தார்கள். இன்று அது அதில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆரஞ்சு ஆடை விதிக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் அந்த வேலி ஓரத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர் பயிற்சியை வேண்டாம் என்று சொல்லத் துணிய மாட்டார். 2020-இல் பெருந்தொற்றை ஒட்டிப் பல மாநிலங்கள் வகுப்பை இணையத்திலேயே முடிக்க அனுமதித்தன, அந்த ஆண்டு உரிம விற்பனையும் ஏறியது. அதை வைத்து நேரடி வகுப்புதான் தடையாக இருந்தது என்று வாதிடுகிறார்கள். வேலையும் பள்ளியும் மூடி, ஊரே திறந்த வெளியைத் தேடி ஓடிய வருடத்தை எப்படிச் சான்றாக எடுப்பது?

எங்கள் பயிற்சியாளர் குழுவின் பதிவுப் படிவத்தில் இந்த வருடம் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: 'உங்களோடு வேட்டைக்கு வர யாராவது இருக்கிறார்களா?' இல்லை என்பவர்களைக் குழுவின் மூத்தவர்கள் ஆளுக்கு ஒருவராக முதல் சீசனுக்கு அழைத்துப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது சீசனிலும் அவர்களில் எத்தனை பேர் உரிமம் வாங்குகிறார்கள் என்பதைத்தான் அடுத்து எண்ணப் போகிறேன்.