பின்னணிக் குரல் இல்லாத 'பிளேட் ரன்னர்'

'பிளேட் ரன்னர்' படத்தை முதன்முதலில் பார்த்தது திருச்சியில், மாமா வீட்டு வி.சி.ஆரில். அப்போது நான் பிளஸ் டூ, தமிழ் மீடியம். ஹாலிவுட் படங்களில் ஒரு வசனம் எனக்குப் பிடிபடுவதற்குள் அடுத்தது போய்விடும். இந்தப் படத்தில் மட்டும் ஹாரிசன் ஃபோர்டு நிறுத்தி நிதானமாக, சோர்ந்த குரலில், நடப்பதையெல்லாம் பின்னணியில் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கதைக்குள் போனேன். கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அவர் பேசியதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்தேன். என் இங்கிலீஷில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது.

ரசிகர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குரலே ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது. 1982இல் டென்வரிலும் டல்லஸிலும் முன்னோட்டக் காட்சி பார்த்தவர்கள் புரியவில்லை என்று சொல்லிவிட, குரலையும் ஒரு சுப முடிவையும் சேர்த்துத்தான் படத்தை வெளியிட்டார்கள். செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகன் டெக்கார்டும் (ஃபோர்டு), அவர் காதலிக்கும் ரேச்சலும் பச்சை மலைகளுக்கு நடுவே காரில் போவார்களே, அந்த மலைகள்கூட ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்ததில் மிஞ்சிய காட்சிகள். 1992இல் 'டைரக்டர்ஸ் கட்' என்ற பெயரில் இரண்டையும் நீக்கிய பிரதி வந்தது. ஆனால் அந்த வேலை இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் நடக்கவில்லை. 2007இல் வந்த 'ஃபைனல் கட்'தான் முழுக்க அவர் கைப்பட்டது. இதையெல்லாம் படித்திருந்தும் பார்க்கவில்லை. என் நோட்டில் இருந்த குரலை விட மனசில்லை.

லண்டன் வந்தபோது ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை. கூட இருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கரண்ட் மீட்டர் சாவியைக் கடைக்கு எடுத்துப்போய்க் காசு ஏற்றுவது, எஸ்கலேட்டரில் வலது பக்கம் ஒதுங்கி நிற்பது, எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். "'யூ ஆல்ரைட்?' எண்டு கேட்டா உம்மட கதையைச் சொல்லத் தொடங்காதேயும் தம்பி. அது சும்மா வணக்கம் மாதிரி." கடையில் நான் திணறினால் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பார். அப்படி ஒரு மனிதர் கிடைத்தது என் பாக்கியம்.

ஜனவரியில் அவர் தங்கை குடும்பத்தோடு சேர்ந்திருக்க டொராண்டோ போய்விட்டார். அவர் கட்டில் காலியாகக் கிடந்த முதல் வார விடுமுறையில் அறையில் இருக்கப் பிடிக்காமல் லெஸ்டர் சதுக்கத்துப் பக்கம் போனேன். பிரின்ஸ் சார்ல்ஸ் தியேட்டரில் 'ஃபைனல் கட்' என்று எழுதியிருந்தது. டிக்கெட் எடுத்தேன்.

தொடக்கத்திலேயே தவித்துப்போனேன். ஓயாத மழை. வேற்றுக் கிரகத்தில் புது வாழ்க்கை காத்திருக்கிறது என்று கூவியபடி ஒரு விளம்பரக் கப்பல் தலைக்கு மேல் மிதக்கிறது. கீழே டெக்கார்டு பேப்பர் படித்துக்கொண்டு நிற்கிறார். கொலைகாரனுக்கு யாரும் பேப்பரில் விளம்பரம் கொடுப்பதில்லை என்று அந்த இடத்தில்தான் குரல் தொடங்கும். என் உதடு அந்த வரிக்குத் தயாராகிவிட்டது. வரி வரவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

அடுத்து நூடுல்ஸ் கடை. காஃப் என்ற போலீஸ்காரன் வந்து பல மொழிகளைக் கலந்து ஏதோ பேசுகிறான். அது நகரத்தின் கலப்பு மொழி என்று பழைய பிரதியில் டெக்கார்டின் குரல் விளக்கிவிடும். இதில் விளக்கமே கிடையாது. கடைக்காரர் அரைகுறை இங்கிலீஷில் சொல்வதை வைத்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடைக்காரர் முகத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

ரேச்சலின் போட்டோவும் அப்படித்தான். சிறு வயதில் அம்மாவோடு எடுத்தது என்று அவள் காட்டுவாள். அவள் செயற்கை மனுஷி, அந்த நினைவு வேறு ஒருத்தியுடையது. டெக்கார்டு கையில் இருக்கும்போது ஒரு நொடி, ஒரே நொடி, போட்டோவுக்குள் நிழல் அசைகிறது. என் பர்ஸில் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆயும் படம் இருக்கிறது. இருட்டில் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டெக்கார்டு வேட்டையாடும் செயற்கை மனிதன் ராய், அவரைக் காப்பாற்றிவிட்டு மொட்டை மாடியில் சாகும் இடம்தான் எல்லாவற்றுக்கும் மேல். ராயாக நடித்த ருட்கர் ஹாவர் தலை குனிகிறார், புறா பறக்கிறது. பழைய பிரதியில் அது நீல வானத்துக்குள் போகும். இதில் மழை இருட்டுக்குள்ளேயே போகிறது. அவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று குரல் யோசிக்கத் தொடங்கும் இடத்தில், இங்கே டெக்கார்டு நனைந்தபடி வெறுமனே பார்க்கிறார். அந்த மௌனத்தை என்னால் சுலபமாகத் தாங்க முடியவில்லை. ஆனால் ஸ்காட் செய்ததுதான் சரி. ராயின் சாவுக்கு யாரும் உரை சொல்லக் கூடாது. கடைசியில் மலையும் இல்லை, வெயிலும் இல்லை. லிஃப்ட் கதவு மூடுகிறது, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் நிஜமாகவே மழை. டொராண்டோவில் அப்போது சாயங்காலம்தான். அண்ணனைக் கூப்பிடப் போனை எடுத்து, பிறகு பையில் வைத்துவிட்டேன். இரவு பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. பின் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தார். எந்த மொழி என்று தெரியவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், அதையே திரும்பக் கேட்பார். ஈஸ்ட் ஹாமில் நான் இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.