இடது தோளுக்கு ஒரு கட்டை

ஜூன் 1, சனி

என் துப்பாக்கியின் பழைய கட்டையை, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதியை, கழற்றியாயிற்று. இடது தோளுக்கு ஏற்ற புதியதை நானே செய்யப் போகிறேன். குண்டு இல்லை, சிலிண்டரில் காற்று இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் திருகில் கை வைத்தேன். என்னுடையது 10 மீட்டர் இலக்குச் சுடுதலுக்கான 4.5 மி.மீ. ஏர் ரைபிள், காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி. இரண்டே திருகு, மேலே இரும்பு, கீழே மரம், தனித்தனியாக வந்துவிட்டன. இரும்புப் பக்கம் ஒன்றையும் தொடப்போவதில்லை. மரம் மட்டும்தான் என் வேலை.

நான் இடக்கைக்காரன். வலக்கைக்காரர்களுக்குச் செய்த கட்டையில் கன்னம் பதியும் மேடு இடப்பக்கம் இருக்கும். என் கன்னம் வருவதோ வலப்பக்கம். அங்கே வழுவழுவென்று சரிவு, பிடிமானமே கிடையாது. இத்தனை வருடமாகக் கழுத்தை வளைத்துச் சுட்டேன். ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் உட்காரும், குண்டும் வேறு இடத்தில் விழும். இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. அகலம்தான். அதற்கு முன்னால் கழுத்து வலியெல்லாம் எடுபடாது.

ஒரே மரத்துண்டில் குடையலாமா, அடுக்கு ஒட்டிச் செய்யலாமா என்று ஒரு மாதம் யோசித்து அடுக்குதான் என்று முடிவு. ஒற்றை மரம் ஈரக்காற்றில் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். பல அடுக்குகளை ஒட்டினால் ஒன்றின் முறுக்கை இன்னொன்று பிடித்து நிறுத்தும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர்கள் காரபினர் 98கே துப்பாக்கிக்கு அடுக்குமரக் கட்டைகள் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வால்நட் மரக் கட்டை வருடக்கணக்கில் காயட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. அடுக்கில் எடை கூடும், அதுதான் குறை. போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. பார்க்கலாம்.

ஜூன் 2, ஞாயிறு

கறுத்த வால்நட் மரம் 7, வெளுத்த மேப்பிள் மரம் 6, ஆக மொத்தம் 13 பலகை. ஒவ்வொன்றும் 4 மி.மீ. கனம். ஒற்றைப்படையாக வைத்ததற்குக் காரணம் உண்டு: ஏழாவது அடுக்கு சரியாக நடுவில் வரும். செதுக்கும்போது நடுக்கோடு எங்கே என்று தேட வேண்டாம், மரமே காட்டும்.

பிளைவுட்டில் நார் ஓட்டம் அடுக்குக்கு அடுக்குக் குறுக்காகப் போகும். நான் எல்லாவற்றையும் நீளவாக்கிலேயே வைத்தேன். கட்டை உடைந்தால் பெரும்பாலும் விசைக்குப் பின்னால் ஒடுங்கும் கழுத்தில்தான் உடையும். அங்கே நார் நீளமாக ஓடினால்தான் பலம்.

பலகைகளை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். கண்ணாடி மாதிரி இழைத்த பரப்பில் எப்பாக்ஸிப் பசைக்குப் பிடி கிடைக்காது.

ஜூன் 8, சனி

இன்று மானம் போயிற்று.

12 இணைப்புக்கும் வேண்டிய எப்பாக்ஸி மொத்தத்தையும் ஒரே குவளையில் கலக்கினேன். மெதுவாக இறுகும் வகை, நிறைய நேரம் இருக்கிறது என்ற தைரியம். ஐந்தாவது பலகை பூசும்போது குவளை கையைச் சுட்டது. ஏழாவது முடிவதற்குள் உள்ளே ஜெல்லி, அப்புறம் கல். எப்பாக்ஸி இறுகும்போது சூடு கிளம்பும். குவளை போன்ற ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுக்கிவிடும். அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றி வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். குவளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். சரி, முடிந்தவரை ஏழு பலகையை அவசர அவசரமாக அடுக்கி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டேன்.

ஒன்று மட்டும் முன்யோசனையாகச் செய்திருந்தேன். பின்னால் வெட்டி எறியப் போகும் மூலைகளில் துளையிட்டு மரக்குச்சி செருகியிருந்தேன். அது இல்லையென்றால் ஈரப் பசையில் பலகைகள் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிப் போயிருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

மீதி ஆறையும் ஒட்டினேன். நேற்று இறுகிய முகத்தைக் கழுவித் துடைத்து மறுபடி தேய்த்த பிறகுதான். தட்டில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. இம்முறை நிதானம். கிளாம்பை முறுக்கி முறுக்கி இறுக்குவதும் தப்பு. பசை முழுவதும் ஓரமாகப் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். இது எனக்குத் தெரியும். நேற்றும் தெரிந்துதான் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

பக்கவாட்டு வடிவத்தை ரம்பத்தால் அறுத்தேன். ஆனால் உருட்டிச் செதுக்கும் முன் உள்குழிவை முடித்துவிட வேண்டும். பக்கங்கள் சதுரமாக இருக்கும்போதுதான் மேசையில் அசையாமல் நிற்கும், அளவும் தப்பாது.

இரும்பு உட்காரும் குழியை உளியால் பறிப்பது பொறுமை வேலை. இரும்பில் மை தடவி மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்டு. மறுபடி வை. மறுபடி சுரண்டு. நாற்பது தடவையாவது இருக்கும். மைக்கு அக்காவின் கண்மை டப்பா.

"டேய், என் மை எங்கடா?"

"துப்பாக்கிக்குப் போட்டிருக்கேன்க்கா."

பதில் வரவில்லை. புது டப்பா வாங்கித் தர வேண்டும்.

ஜூன் 22, சனி

இதற்காகத்தான் இவ்வளவும் என்று தோன்றிய நாள்.

மர அரத்தால் பக்கங்களை உருட்ட ஆரம்பித்ததும் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கறுப்பு, வெளுப்பு, கறுப்பு. மலையின் உயரத்தைக் காட்டும் வரைபடக் கோடுகள் மாதிரி வளைந்து வளைந்து ஓடுகின்றன. அழகுக்கு மட்டும் இல்லை, அளவுகோலும் அதுதான். முன்கட்டையின் இடப்பக்கம் ஒரு கோடு விரல் தள்ளி வளைந்தால் வலப்பக்கமும் அதே இடத்தில் வளைய வேண்டும். வளையவில்லையா, அந்தப் பக்கம் இன்னும் மரம் இருக்கிறது. கை தடவிப் பார்த்துத் தெரியாத அரை மில்லிமீட்டரைக் கண் பிடித்துவிடுகிறது.

கன்ன மேட்டுக்காக வலப்பக்கம் மூன்று துண்டு கூடுதலாக ஒட்டியிருந்தேன். அங்கே கோடுகள் வட்டம் வட்டமாக, வெங்காயத்தைச் சீவினாற்போல. கண்ணை மூடி, தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறந்து பார்ப்பேன். இலக்குப் பார்க்கும் வளையத்தின் நடுவில் கண் வரவில்லை என்றால் மேட்டைக் கொஞ்சம் குறைப்பேன். விசையிலிருந்து கட்டையின் பின்நுனி வரை பழையது 34 செ.மீ.; எனக்கு 33தான் ஒத்து வருகிறது.

ஜூன் 23, ஞாயிறு

கட்டையின் கழுத்துப் பகுதியில் ஏழாவது அடுக்குக்கும் எட்டாவதுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, சுமார் 2 செ.மீ. நீளம். முதல் நாள் இறுகிய முகம். சரியாகத் தேய்படாத இடம் போல. எங்கே பலம் வேண்டுமோ சரியாக அங்கே! எப்பாக்ஸியைக் கொஞ்சம் சூடாக்கினால் நீர்த்துவிடும். அதை ஊசியால் உள்ளே இறக்கிக் கிளாம்ப் போட்டேன். மேலே வால்நட் தூளைக் குழைத்துப் பூச்சு. மறுநாள் விரலால் சுண்டிப் பார்த்தேன். பொள்ளல் சத்தம் இல்லை.

ஜூன் 29, சனி

திருகு போகும் இரண்டு துளைகளிலும் அலுமினியக் குழாய்த் துண்டுகள் பதித்தேன். மரத்தை நேரடியாக இறுக்கினால் நாளாக ஆக நசுங்கித் திருகு தளரும். உலோகத்தின்மேல் உலோகம் உட்கார்ந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. குழியில் எப்பாக்ஸி பூசி இரும்பை அழுத்தி உட்கார வைத்தேன், அச்சு அப்படியே பதியும். இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஷூ பாலிஷ் தடவித் தேய்த்திருந்தேன், மூன்று முறை. ராத்திரி தூக்கம் சரியில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கழன்று வந்தது. ஒரு 'டப்' சத்தம், அவ்வளவுதான். துப்பாக்கிக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன், எங்கும் தட்டவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

120, 180, 240, 320 என்று உப்புத்தாள். நடுவில் ஈரத்துணியால் துடைத்துச் சிலிர்த்த நாரை மறுபடி தேய்த்தேன். ஆளிவிதை எண்ணெய் முதல் பூச்சில் வால்நட் திடீரென்று காப்பிக்கொட்டை நிறமாயிற்று. குழிக்குள்ளும், தோளில் முட்டும் பின்தகடு மூடும் வெட்டுமுகத்திலும்கூடப் பூசினேன். ஈரம் புகுவதே அந்த வழியாகத்தான். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் விரித்துக் காயப்போட்டேன்.

ஜூலை 20, சனி

சுடுகளம். மொத்த எடை 4.6 கிலோ, விதிக்குள். முதல் ஐந்து குண்டும் ஒன்றையொன்று தொட்டு ஒரே ஓட்டை, ஆனால் மையத்துக்கு நன்றாக விலகி. பார்வைக் கருவி இன்னும் என் பழைய கோணல் கழுத்துக்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. திருப்பித் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர இருபது குண்டு ஆயிற்று.

பக்கத்து வரிசை நண்பர் வாங்கிப் பார்த்தார். வலது தோளில் வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். "கன்னத்தை எங்கேப்பா வைக்கிறது?"

கழுத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.