நெட் ஆங்கிலம்: மொழி அலகுக்கு எனக்குக் கைகொடுத்த ஒரு வினையடை

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டின் ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை நூலிழையில் போனது. பாதி நிம்மதி, பாதி வயிற்றெரிச்சல். நாடகம், கவிதை, தியரி எல்லாவற்றுக்கும் வழிசொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் அலகான மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதிலும் மொழி வரலாற்றை மட்டும்.

எல்லோரும் படிப்பது ஒரே பட்டியல்தான். டீர் என்றால் முன்பு எந்த விலங்கும், மீட் என்றால் எந்த உணவும், நைஸ் என்றால் மடையன். இப்படித் துண்டு துண்டாகப் படித்தால் எனக்கு மறுநாளே மறந்துவிடும். ஒரு சொல்லைப் பிடித்து, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி அதன் சொந்தபந்தம் முழுவதையும் விசாரித்தால்தான் நிற்கும். நான் பிடித்தது ஸ்ட்ரிக்ட்லி, அதாவது 'கண்டிப்பாக'.

லத்தீனில் ஸ்ட்ரிங்கெரே என்றால் இறுக்கிக் கட்டுவது. இந்த வேர் ஆங்கிலத்துக்குள் இரண்டு வழியாக வந்தது. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குப் பிறகு பிரெஞ்சு வழியாக வந்தது ஸ்ட்ரெய்ட் (strait, இறுக்கமான). லத்தீனிலிருந்து நேரடியாக 15-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது ஸ்ட்ரிக்ட். இப்படி ஒரே வேரிலிருந்து இரு வழியாக வந்த ஜோடிதான் டப்ளெட். ஃப்ரெயில்–ஃப்ராஜைல், ஷ்யூர்–செக்யூர், ராயல்–ரீகல் எல்லாம் இதே கதை. கன்ஸ்ட்ரெய்ன், ரெஸ்ட்ரிக்ட், ஸ்ட்ரிஞ்ஜென்ட், டிஸ்ட்ரிக்ட் எல்லாம் இதே குடும்பம்.

ஆக, கண்டிப்பைச் சொல்ல ஒரு காலத்தில் இரண்டு வினையடைகள் இருந்தன: ஸ்ட்ரெய்ட்லி, ஸ்ட்ரிக்ட்லி. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 1:43-இல், குணமான குஷ்டரோகியை இயேசு 'ஸ்ட்ரெய்ட்லி சார்ஜ்ட்'. கண்டிப்பான கட்டளை. யோசுவா 6:1-இல் எரிகோ நகரம் 'ஸ்ட்ரெய்ட்லி ஷட் அப்'. இங்கே கட்டளையே இல்லை. நகரம் இறுக அடைபட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆதியாகமம் 43:7-இல் எகிப்தில் யோசேப்பு சகோதரர்களிடம் குடும்பத்தைப் பற்றி 'ஸ்ட்ரெய்ட்லி' கேட்கிறான், அதாவது துருவித் துருவி. இறுக்கம்தான் மூலப்பொருள், கண்டிப்பு அதிலிருந்து கிளைத்தது என்பது இந்த மூன்று வசனங்களைப் படித்தாலே விளங்கிவிடும். 1881-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டில் மாற்கு வசனம் 'ஸ்ட்ரிக்ட்லி' ஆனது. அப்போஸ்தலர் 5:28-இல் பழைய ஸ்ட்ரெய்ட்லி அப்படியே இருக்கிறது. பழைய சொல் ஒரே நாளில் சாவதில்லை.

ஷேக்ஸ்பியரிலும் இரண்டும் உண்டு. மூன்றாம் ரிச்சர்டின் முதல் காட்சியில், கைதியோடு யாரும் தனியாகப் பேசக்கூடாது என்று மன்னர் 'ஸ்ட்ரெய்ட்லி' உத்தரவிட்டிருப்பதாகக் காவல் அதிகாரி பிராகன்பரி சொல்கிறான். வீனஸ் அண்ட் அடோனிஸில் ஓடுகிற வீனஸைப் புதர்கள் 'ஸ்ட்ரிக்ட் எம்ப்ரேஸ்' செய்கின்றன. கண்டிப்பான அணைப்பு என்று எழுதினால் சிரிப்பார்கள், இறுகிய அணைப்பு.

நிறையப் பேர் வழுக்குவது ஜி-எச்-சில். நேர் என்ற பொருள் தரும் ஸ்ட்ரெய்ட்டுக்கு (straight) ஜி-எச் உண்டு. அது ஸ்ட்ரெட்ச் என்ற பழைய ஆங்கில வினையின் பிள்ளை, லத்தீனோடு சம்பந்தமே இல்லை. இறுக்கத்துக்கு ஜி-எச் கிடையாது. பாக் ஜலசந்தியின் ஆங்கிலப் பெயரை எழுதிப் பாருங்கள், மறக்காது. ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட்டும் அதே வகைதான், இப்போது ஜி-எச் போட்டு எழுதுகிறவர்கள் பெருகிவிட்டாலும். மேலே சொன்ன 1881 மாற்கு வசனத்திலேயே ஸ்ட்ரிக்ட்லிக்குப் பக்கத்தில் 'ஸ்ட்ரெய்ட்வே' வரும். அது 'உடனே', கண்டிப்பு அல்ல.

அப்புறம், இவற்றையும் பார்த்துவிடுங்கள்:

- ஹார்ட்லி: ஆதியாகமம் 16:6-இல் சாராய் ஆகாரை நடத்தியது 'ஹார்ட்லி'. கடுமையாக என்று பொருள். 'அரிதாகவே' என்ற இன்றைய பொருளில் படித்தால் வசனமே தலைகீழாகிவிடும்.
- பிரசென்ட்லி, பை அண்ட் பை: பழைய உரையில் இரண்டுமே 'உடனே' என்று வரும். பிற்பாடுதான் 'கொஞ்ச நேரத்தில்' ஆயின.
- ஸ்ட்ரிக்ட்லி ஸ்பீக்கிங்: கண்டிப்பு போய் 'துல்லியமாகச் சொன்னால்' என்றாகிவிட்டது.
- ஸ்ட்ரிக்ட்லி ஃபார் மெம்பர்ஸ்: 'மட்டும்' என்ற பொருள். நம்மூர்ப் பலகைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

கூற்று வகைக் கேள்வியில் ஸ்ட்ரிக்ட்லி, ஒன்லி என்று கண்டாலே தவறு என்று போடச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. ஸ்ட்ரிக்ட்லி ஸ்பீக்கிங் என்று தொடங்கும் கூற்று எல்லை போட்டுப் பேசுகிறது. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

மனப்பாடம் நன்றாக வருகிறவர்களுக்கு இந்த முறை நேர விரயம், பட்டியலையே படியுங்கள். மற்றவர்கள் கல்லூரி நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் திறந்து, விளக்கத்தை விட்டுவிட்டு முதலில் ஆண்டு போட்ட மேற்கோள்களை மட்டும் வரிசையாக வாசியுங்கள். பொருளை நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் விளக்கத்தோடு ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஜேஆர்எஃப் போனது அங்கேதான்.